இது மாதிரி வேற என்ன இருக்கு?

சித்தி மகன், நரூட்டோ என்ற ஜப்பானிய நிஞ்ஜா அனிமேஷன் தொடரை முடித்துவிட்டு வந்து நின்றான். சோனி யே சானலில் தமிழில் பார்க்கத் தொடங்கியவன், பொறுமை போய் மிச்சத்தை ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பார்த்து முடித்திருந்தான். முதல் தொடர் 220 எபிசோட், அதன் தொடர்ச்சியான ஷிப்பூடென் 500. அத்தனையும் தீர்ந்த பிறகு வருமே ஒரு வெறுமை, அது முகத்தில் தெரிந்தது. "அண்ணா, இது மாதிரி வேற என்ன இருக்கு?"

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சண்டை, நட்பு, கடும் பயிற்சி, கடைசியில் ஒரு பெரிய எதிரி என்று போகும் தொடர்களில் எட்டை வாட்ஸப்பில் தட்டி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், ஒன்றை ஏழாவது எபிசோடில் விட்டிருக்கிறான். மற்ற ஏழையும் தொடவே இல்லை.

தப்பு அவன் மேல் இல்லை. 'இது மாதிரி' என்று ஒருவர் கேட்கும்போது அந்த 'இது' எது என்று திருப்பிக் கேட்க வேண்டும், நான் கேட்கவில்லை. கதையா, படம் வரைந்த விதமா, பாட்டா, ஏதோ ஒரு பாத்திரத்தின் தனிமையா? கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. மிச்சப் பாதி, அந்த 'இது'வை உண்மையில் யார் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன், ஜப்பானிய டிராமா, கொரியத் தொடர் மூன்றிலும் இதற்கான பதில் வேறு வேறு.

முதலில் வகைப் பெயர்கள் ஏன் கைவிடுகின்றன என்று பார்ப்போம். அனிமே பேச்சில் அதிகம் அடிபடும் சொல் ஷோனென். சண்டைக் கதைக்குத்தான் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் சிறுவன், அவ்வளவுதான். மூலக்கதையான மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, எந்த வயதினருக்கான பத்திரிகையில் வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. சிறுமியருக்கு ஷோஜோ, வாலிப ஆண்களுக்கு செய்னென், வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய் என்பவையும் அப்படியே. எல்லாம் புத்தகக் கடைத் தட்டுக்கான பெயர்கள். ராட்சதர்கள் மனிதர்களைத் தின்னும் 'அட்டாக் ஆன் டைட்டன்' சிறுவர் பத்திரிகையில் வந்த கதை. காதலை யார் முதலில் சொல்வது என்று இரண்டு பள்ளிப் பிள்ளைகள் தந்திரம் செய்துகொண்டிருக்கும் 'காகுயா-சாமா' ஓடியதோ வாலிபர் பத்திரிகையான யங் ஜம்ப்பில். குமுதத்தில் வந்ததா கோகுலத்தில் வந்ததா என்று பார்த்துக் கதையின் குணத்தை முடிவு செய்வது போன்ற வேலை இது.

சில பத்திரிகைகளுக்குத் தனி வார்ப்பு உண்டு என்பதும் உண்மைதான். நரூட்டோ வந்த வீக்லி ஷோனென் ஜம்ப், 90களின் நடுவில் வாரம் 65 லட்சம் பிரதி வரை போன பத்திரிகை. நட்பு, முயற்சி, வெற்றி இவைதான் அதன் தாரக மந்திரம். வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டை வாக்குகளைப் பார்த்து எந்தக் கதை தொடரும், எது நிற்கும் என்று முடிவு செய்யும் வழக்கம் அங்கே உண்டு. ஆக, தம்பிக்கு நான் அனுப்பிய எட்டில் பெரும்பாலானவை ஒரே ஆசிரியர் குழுவின் மேஜையிலிருந்து வந்தவை. 720 எபிசோட் சாப்பிட்டு எழுந்தவனுக்கு அதே அடுப்பிலிருந்து இன்னொரு தட்டை நீட்டியிருக்கிறேன்.

சரி, வகை வேண்டாம், ஸ்டூடியோ பெயரைப் பார்த்துச் சொல்லலாமே என்று அடுத்த கட்ட ரசிகர்கள் சொல்வார்கள். "மேட்ஹவுஸ் செஞ்சதா, கண்ணை மூடிட்டுப் பாரு." இதிலும் சிக்கல் இருக்கிறது. 'ஒன் பஞ்ச் மேன்' முதல் சீசன் 2015இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஷிங்கோ நாட்சுமேவின் இயக்கத்தில் வந்தது. சண்டைக் காட்சிகள் இன்றும் பேசப்படுகின்றன. 2019இல் இரண்டாவது சீசன் வந்தபோது ஸ்டூடியோவும் வேறு, இயக்குநரும் வேறு. ரசிகர்கள் புதிய ஸ்டூடியோவைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் முதல் சீசனின் வித்தை கட்டடத்துக்குச் சொந்தமானது இல்லை. நாட்சுமேயின் அழைப்புக்காக வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓவியர்கள் அதில் நிறையப் பேர்.

இதற்குக் காரணம் அனிமே தொழில் நடக்கும் விதம். பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது தயாரிப்புக் குழு எனப்படும் ஒரு கூட்டு. மாங்காவை வெளியிட்ட பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை விற்பவர், இப்போது ஸ்ட்ரீமிங் தளம் என ஆளுக்கொரு பங்கு போட்டு நஷ்ட பயத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். 90களிலிருந்து இதுதான் வழக்கமான ஏற்பாடு. ஸ்டூடியோ பல நேரம் பேசிய கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் இடம் மட்டுமே. ஓவியர்களில் ஏராளமானோர் எங்கும் நிரந்தர வேலையில் இல்லாதவர்கள். நம்மூரில் வீடு கட்டும்போது வாசலில் நிற்கும் பலகையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். சுவர் நேராக நிற்பது மேஸ்திரியையும் அவர் கூட்டி வரும் கொத்தனார்களையும் பொறுத்தது.

விலக்குகள் உண்டு. கியோட்டோ அனிமேஷன் தன் ஓவியர்களைச் சம்பளத்தில் வைத்து, தானே பயிற்சியும் கொடுத்து வளர்த்த இடம். அங்கே ஸ்டூடியோ பெயருக்கு உண்மையான எடை இருக்கிறது. 2019 ஜூலை 18 அன்று அங்கே வைக்கப்பட்ட தீயில் 36 பேர் இறந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் அப்படிக் கலங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். தனித்தனிக் காட்சிகளைப் பார்த்து இது யார் கை என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் பலர்.

அப்புறம் யாரைப் பின்தொடர்வது? முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைத்தான். ஒரு கஷ்டம், அது ஜப்பானியரின் கான்ஜி சித்திர எழுத்தில் ஓடும், சப்டைட்டில் போடுகிறவர் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. செயலிகள் வேறு, பாட்டு தொடங்கியதுமே அடுத்த எபிசோடுக்குத் தள்ளிவிடப் பார்க்கும். ஆனாலும் நாலு சொல் தெரிந்தால் தகவல் தளங்களில் தேடிப் பிடித்துவிடலாம். கென்சாக்கு என்றால் மூலக்கதை. காந்தோக்கு என்றால் இயக்குநர். ஓங்காக்கு என்றால் இசை. நான்காவது கொஞ்சம் விளக்க வேண்டியது: சீரீஸ் கோசெய். மொத்தத் தொடருக்கும் திரைக்கதைத் தலைமை. மாங்காவின் எத்தனை அத்தியாயம் ஒரு எபிசோடில் அடங்கும், எங்கே நிறுத்தினால் மனம் தவிக்கும், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கிறவர். பன்னிரண்டோ பதின்மூன்றோ எபிசோடைக் கொண்ட மூன்று மாதப் பருவத்தில் ஒரு கதையை உட்கார வைப்பது இவர் பாடு.

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய பழக்கமே இல்லை. சுவரொட்டியில் நடிகருக்கு அடுத்தபடி இசையமைப்பாளர் பெயரைத் தேடும் ஊர் இது. "படம் எப்படியோ, பாட்டு யாரு?" என்று கேட்டு டிக்கெட் எடுத்தவர்கள் நாம். அனிமே என்று வந்ததும் மட்டும் அந்தப் புத்தியை எங்கே தொலைக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

தம்பியிடம் திரும்பவும் போனேன். "நரூட்டோவுல எதை இன்னும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறே?" யோசிக்காமல் சொன்னான்: ஓப்பனிங் பாட்டுகள். அதிலும் இரண்டாவது, 'ஹருக்கா கானாத்தா'.

அந்தப் பாட்டு ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ராக் குழுவுடையது. 1996இல் யோகோஹாமாவில் கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கியது. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரின் 2003 வடிவத்துக்கும் இவர்களுடைய 'ரீரைட்' ஒரு ஓப்பனிங். ஒரு ராக் குழு ஏன் நிஞ்ஜா கதைக்குப் பாடுகிறது என்றால் மேலே சொன்ன தயாரிப்புக் குழுவுக்குத்தான் திரும்ப வேண்டும். இசைத்தட்டு நிறுவனம் அதில் பங்காளியாக இருந்தால், வாரா வாரம் 90 நொடி விளம்பரம் அதற்குத் தானாகக் கிடைக்கிறது. ஜப்பானில் இதற்கு டை-அப் என்று பெயர். விற்பனைத் தந்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே தந்திரத்தால்தான் ஒரு தலைமுறைக்குப் பிடித்த பாட்டும் பிடித்த காட்சியும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன.

இந்தக் குழுவின் நால்வர் பெயர் கோத்தோ, கிட்டா, யமாடா, இஜிச்சி. 2022 அக்டோபரில் வந்த 'போச்சி த ராக்' தொடரில் ராக் குழு நடத்தும் நான்கு பள்ளி மாணவிகளின் குடும்பப் பெயர்கள்: கோத்தோ, கிட்டா, யமாடா, இஜிச்சி. மாங்கா எழுதியவர் வேண்டுமென்றே வைத்தது. கடைசி எபிசோடில் அந்த அசல் குழுவின் பாட்டு ஒன்றைக் கதாநாயகி பாடி முடிப்பாள். டோக்கியோவின் ஷிமோகிட்டாசாவா வட்டாரம், அங்கே நிலவறை மாதிரி இருக்கும் சின்னச் சின்ன இசைக்கூடங்கள், நாலு பேரைப் பார்த்தாலே வியர்த்துப்போகும் ஒரு கிட்டார்க்காரி. பன்னிரண்டே எபிசோட். நரூட்டோ முடித்தவனுக்கு எந்தப் பட்டியலும் இதைச் சொல்லாது, ஒன்றில் சண்டை, மற்றதில் வெட்கம். தம்பி இரண்டு இரவில் முடித்தான்.

இங்கேதான் இயக்குநர் பெயர் வேலை செய்கிறது. 'போச்சி'யை இயக்கிய கெய்ச்சிரோ சைத்தோ அடுத்து 2023இல் செய்தது 'ஃப்ரீரென்' முதல் சீசன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு எல்ஃப் மந்திரக்காரி, பத்து ஆண்டு கூடவே நடந்த மனிதத் தோழன் இறந்த பிறகு அவனைப் புரிந்துகொள்ளக் கிளம்பும் கதை. கூச்சக்காரியின் நகைச்சுவையை எடுத்தவரிடம் இதை எப்படி நம்பிக் கொடுத்தார்கள் என்று தோன்றலாம். இரண்டு மூலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஒன்று நான்கு கட்டங்களில் முடியும் துணுக்கு மாங்கா, மற்றது பேச்சைக் குறைத்து எழுதிய அமைதியான மாங்கா. இரண்டிலும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து நிரப்புவதில் சைத்தோ தேர்ந்தவர். 'போச்சி'யில் களிமண் பொம்மையும் நிஜப் படப்பிடிப்பும் கொண்டு நிரப்பினார், 'ஃப்ரீரெ'னில் ஒருவர் கோப்பையைக் கீழே வைக்கும் விதம், துணியை மடிக்கும் விதம், பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு. முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து, திரைப்படங்கள் போடும் வெள்ளிக்கிழமை நேரத்தில் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக நிப்பான் டிவி ஒளிபரப்பியது. மெதுவான கதைக்கு அது நல்ல முடிவு. ஒரே ஒரு எபிசோடோடு விட்டிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

'ஃப்ரீரெ'னின் இசை எவன் கால். அமெரிக்காவில் பிறந்து ஜப்பானில் வேலை செய்பவர். இவரே இசையமைத்த 2018ஆம் ஆண்டின் 'வயலட் எவர்கார்டன்', போர் முடிந்த பிறகு பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. அதன் திரைக்கதைத் தலைமை ரெய்கோ யோஷிதா. அவரே எழுதிய 2016ஆம் ஆண்டின் படம் 'எ சைலன்ட் வாய்ஸ்', இயக்கம் நவோகோ யமாடா. காது கேளாத ஒரு சிறுமியைப் பள்ளியில் வதைத்தவன், வளர்ந்த பிறகு அவளைத் தேடிப் போகிறான். இந்தப் படத்துக்கு கென்ஸுகே உஷியோ செய்த இசையில் எனக்கு ஒரு மயக்கமே உண்டு. பியானோவின் வயிற்றுக்குள் மைக் வைத்து, கட்டை எழும்பும் சத்தம், சுத்தியல் பட்டு விலகும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பதிவு செய்தார். சுரத்தைவிட அந்த மரச் சத்தம்தான் அதிகம் மனதில் நிற்கிறது. காது கேளாதவர்கள் அதிர்வாக உணர்வதை நாம் காதால் கேட்கும்படி செய்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அதே உஷியோ இசையமைத்த 'செயின்சா மேன்' ரத்தமும் ரம்பமும். 2022இல் அது வந்தபோது பன்னிரண்டு எபிசோடுக்கும் பன்னிரண்டு வெவ்வேறு எண்டிங் பாட்டுகள் போட்டார்கள், ஆனால் ஓப்பனிங் ஒன்றே ஒன்று: கென்ஷி யோனெஸுவின் 'கிக் பேக்'. யோனெஸுவும், 'ஃப்ரீரெ'னுக்கு ஓப்பனிங் கொடுத்த யோஅசோபி குழுவின் இசையமைப்பாளர் அயாசேயும், வோக்கலாய்ட் எனப்படும் கணினிக் குரலுக்குப் பாட்டு கட்டி இணையத்தில் ஏற்றியவர்கள். அறையை விட்டு வெளியே வராமல் பாட்டு செய்த ஒரு தலைமுறை இன்று ஜப்பானியப் பாட்டு உலகின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யோஅசோபியின் 'ஐடல்' 2023இல் பில்போர்ட் இசை இதழின், அமெரிக்கா தவிர்த்த உலகப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜப்பானியப் பாட்டு ஒன்று அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. அதுவும் ஒரு அனிமேயின் ஓப்பனிங்தான்.

யோனெஸுவைப் பிடித்தால் அனிமேயிலிருந்து டிராமாவுக்குப் பாலம் கிடைத்துவிடும். அவருடைய 'லெமன்' 2018 தொடக்கத்தில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'அன்நேச்சுரல்' தொடருக்காக எழுதப்பட்டது. காரணம் தெரியாத சாவுகளை அறுத்துப் பார்த்துக் காரணம் தேடும் ஆய்வுக்கூடத்தின் கதை, பத்து எபிசோட். பாட்டை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் யோனெஸுவின் தாத்தா இறந்துபோனார். ஒவ்வொரு எபிசோடிலும் சரியாக மனம் உடையும் இடத்தில் அந்தப் பாட்டு நுழையும், இயக்குநர் அயுகோ ட்சுகஹாராவின் கணக்கு அது.

டிராமாவுக்குள் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. இங்கே இயக்குநரைவிட எழுத்தாளர் பெயர்தான் அதிகம் பேசும். ஜப்பானிய டிராமா மூன்று மாதத்தில் பத்து அல்லது பதினோரு எபிசோடில் முடிந்துவிடும். மாங்காவைத் தழுவாமல் நேரடியாக எழுதப்படுபவையும் நிறைய. எழுதுகிறவரின் உலகம் அப்படியே கிடைக்கும். 'அன்நேச்சுர'லை எழுதிய அகிகோ நோகி 2020இல் 'எம்ஐயூ 404' என்ற போலீஸ் தொடரை எழுதினார், 2024இல் 'லாஸ்ட் மைல்' என்ற படத்தையும். இணையக் கடையின் பெரிய கிடங்கிலிருந்து போகும் பார்சல்கள் வெடிக்கத் தொடங்கும் படம். மூன்றும் ஒரே உலகத்தில் நடக்கின்றன, மூன்றுக்கும் இயக்கம் ட்சுகஹாரா, மூன்றுக்கும் பாட்டு யோனெஸு. செத்தவர்களைப் பற்றியும் குற்றவாளிகளைப் பற்றியும் தொடங்கி, நாம் பொத்தானை அழுத்தியதும் வீட்டுக்கு வரும் பெட்டியைத் தூக்குகிறவரின் முதுகுவலியில் வந்து நிற்கிறார் நோகி. பரபரப்பான கதைக்குள் கூலியையும் வேலை நேரத்தையும் இவ்வளவு சுலபமாகக் கொண்டுவரும் எழுத்து அபூர்வம்.

நடிகரை வைத்துப் பரிந்துரைப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, நல்ல நடிகர் மோசமான கதையிலும் நடிப்பார். ஆனால் 'லாஸ்ட் மை'லின் கதாநாயகி ஹிகாரி மிட்சுஷிமா விஷயத்தில் ஒரு விலக்கு. அவர் பல வருடமாக யூஜி சகாமோட்டோ என்ற எழுத்தாளரின் தொடர்களில் நடித்து வந்தவர். அதில் 2017ஆம் ஆண்டின் 'குவார்டெட்' முக்கியமானது. பனிக்காலத்தில் கருயிசாவா என்ற மலையூரில் ஒரே வீட்டில் தங்கும் நான்கு நரம்பிசைக் கலைஞர்கள், ஆளுக்கொரு பொய். பொரித்த கோழி மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியலாமா கூடாதா என்று முதல் எபிசோடில் ஒரு சண்டை வரும். ஒரு கல்யாணமே ஏன் கெட்டது என்று அந்த எலுமிச்சம்பழத்தை வைத்துச் சொல்லிவிடுவார் சகாமோட்டோ.

சகாமோட்டோ புதியவர் இல்லை. 1991இல் ஃபுஜி டிவியின் திங்கள் இரவு ஒன்பது மணி நேரத்தில் வந்த 'டோக்கியோ லவ் ஸ்டோரி'யை எழுதியவரே இவர், அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். 2023இல் ஹிரோகாஸு கோரே-ஏடா இயக்கிய 'மான்ஸ்டர்' படத்துக்காக கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கினார். அந்தப் படத்தின் இசை ரியூச்சி சகாமோட்டோ, பெயர்தான் ஒன்று, இருவரும் உறவில்லை. கோரே-ஏடா அதற்கு முந்தைய ஆண்டில் கொரியாவுக்குப் போய் 'புரோக்கர்' எடுத்தார். அதில் குழந்தையை விட்டுச் செல்லும் தாயாக நடித்தவர் பாடகி ஐயூ. 'மை மிஸ்டர்' என்ற கொரியத் தொடரில் அவரைப் பார்த்து வியந்ததைக் கோரே-ஏடாவே சொல்லியிருக்கிறார்.

நிஞ்ஜாவில் கிளம்பி 'மை மிஸ்ட'ருக்கு வந்துவிட்டோம். இடையில் ஒரு இடத்திலும் 'வகை' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கொரியாவில் எழுத்தாளரின் பிடி இன்னும் இறுக்கம். பதினாறு எபிசோடையும் பெரும்பாலும் ஒருவரே எழுதுவார், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கங்களை எழுதிய காலமும் உண்டு. கிம் உன்-சூக் எழுதுகிறார் என்றால் நடிகர் யாரென்று தெரிவதற்கு முன்பே செய்தி ஆகிவிடும். புதுயுகம் சானலில் தமிழ் டப்பில் கொரியத் தொடர்களைப் பார்த்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், நடிகர் முகம் ஞாபகம் இருக்கும், எழுதியவர் பெயர் காதில் விழுந்தே இருக்காது. 'மை மிஸ்ட'ரை எழுதியவர் பார்க் ஹே-யங். அது பிடித்தால் அவருடைய 2022 தொடரான 'மை லிபரேஷன் நோட்ஸ்' போங்கள். புறநகரிலிருந்து தினமும் சியோலுக்கு ரயிலில் போய்வந்து அலுத்துப்போன மூன்று உடன்பிறப்புகள் அதில். 'மை மிஸ்ட'ரின் இயக்குநர் கிம் வொன்-சொக் பக்கம் திரும்பினால் பாதை வேறு: 'மிசெங்', 'சிக்னல்', அப்புறம் 2025இல் ஐயூவோடு மறுபடி சேர்ந்து, ஜேஜு தீவுக் கதையாக எடுத்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. ஒரே தொடர் பிடித்த இரண்டு பேர் இரண்டு திசையில் போகலாம். இழுப்பு எழுத்திலா, முகங்களைக் காட்டிய விதத்திலா என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

பெயர்களைப் பின்பற்றினால் ஏமாற்றமே வராதா என்றால், வரும். நவோகோ யமாடாவின் 'கே-ஆன்' தேநீரும் கேக்குமாக உட்கார்ந்து பேசும் பிள்ளைகளின் கதை. அதை விரும்பியவருக்கு 'எ சைலன்ட் வாய்'ஸைக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் கேமரா பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நான் சொன்ன விளக்கம் அவரிடம் எடுபடவில்லை. மனதைக் கனக்க வைக்கிறதா இல்லையா என்பது சிலருக்கு முதல் கேள்வி. களைத்து வீடு திரும்புகிறவரிடம் கலை நேர்த்தி பேசிப் பயனில்லை.

இன்னொன்று, எட்டு அனுப்பாதீர்கள், ஒன்று அனுப்புங்கள். எட்டு அனுப்பினால் பொறுப்பு கேட்டவர் தலையில் விழுகிறது. ஒன்று என்றால், நன்றாக இல்லாவிட்டால் உங்களைப் பிடித்து உலுக்கலாம் என்ற தைரியத்தில் பார்ப்பார். கூடவே எத்தனை எபிசோட் பொறுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மூன்று எபிசோட் பார்த்துவிட்டுத்தான் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யும் கணக்கு ஒன்று அனிமே ரசிகர்களிடம் உண்டு. 2011இல் வந்த 'மடோகா மாஜிகா' மூன்றாவது எபிசோடில் தன் முகத்தைக் காட்டியபோது அந்தக் கணக்குக்கு மவுசு ஏறியது. எல்லாத் தொடருக்கும் அது பொருந்தாது. 'போச்சி'க்கு ஒன்றே போதும்.

தம்பி இப்போது 'அன்நேச்சுர'லில் இருக்கிறான், ஐந்தாவது எபிசோட். 'மை மிஸ்ட'ருக்கு வரும்போது ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல், தொடக்கம் இருட்டும் கடனும் அடியுமாகக் கனமாக இருக்கும், நான்காவது வரை நிறுத்தாதே. "நாலு முடிச்சிட்டு உங்களத் திட்டலாமா?" என்றான். தாராளமாக, என்றேன்.